நட்சத்திரத்தை இறக்கின பிறகும் கிறிஸ்துமஸை வைத்துக்கொள்வது எப்படி

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் வாசலில் தொங்கின நட்சத்திரத்தை இறக்கி, குடில் பொம்மைகளைப் பழைய பேப்பரில் சுற்றி, அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுகிறோம். (சில வீடுகளில் பொங்கல் தாண்டியும் நட்சத்திரம் தொங்கும். அது சோம்பேறித்தனம், அதற்குப் பக்தி என்று பெயர் வைக்க வேண்டாம்.) பெட்டி பரணில் இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் டிசம்பரில் மட்டும் நமக்குள் எங்கிருந்தோ வருகிற தாராளம், முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுகிற தைரியம், ரெண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா வீட்டுக்கும் ஒரு துண்டு கேக் கொடுத்தனுப்புகிற மனசு, இதெல்லாமும் அந்தப் பெட்டியோடேயே மேலே போய்விடுகிறது.

இதைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். அன்பு, சமாதானம், சந்தோஷம், நம்பிக்கை என்று கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறுகளில் ஏற்றுகிற நாலு மெழுகுவர்த்திக்கு நாலு தலைப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கும், திங்கட்கிழமை காலையில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியாது. எனவே இங்கே செய்யக்கூடிய காரியங்களை மட்டும் எழுதுகிறேன். நான் தென்னிந்தியத் திருச்சபைக்காரன், திருநெல்வேலிப் பக்கம், அதனால் உதாரணங்களும் அந்தப் பக்கத்துடையவைதான் அதிகம். கத்தோலிக்கர், லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று யாராக இருந்தாலும் உங்கள் சபை வழக்கத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், எதைக் காப்பாற்றப் போகிறோம் என்று. கிறிஸ்துமஸ் கதையைத் திரும்ப வாசித்துப் பாருங்கள், அதில் எல்லாரும் யாரையாவது தேடிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். தூதன் நாசரேத்துக்குப் போகிறான், மரியாள் மலைநாட்டுக்குப் போகிறாள், மேய்ப்பர்கள் மந்தையை விட்டுவிட்டு ஊருக்குள் ஓடுகிறார்கள், சாஸ்திரிகள் கிழக்கிலிருந்து மாதக்கணக்கில் பயணம் வருகிறார்கள், எல்லாவற்றுக்கும் மேலே கடவுளே மனிதர் நடுவில் குடியிருக்க வருகிறார். வந்தவருக்குச் சத்திரத்தில் இடமில்லை. இதை நம் ஊர்ச் சபைகள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தன என்று நினைக்கிறேன். கேரல் ரவுண்ட்ஸ் என்றும் பஜனை என்றும் சொல்லிக்கொண்டு பனியில், டிரம்மும் கஞ்சிராவும் தட்டிக்கொண்டு, முன்பெல்லாம் பெட்ரோமாக்ஸ் விளக்கோடும் இப்போது குட்டியானை வண்டியில் ஜெனரேட்டரோடும், ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட வீடு வீடாகப் போகிறோமே, அதுதான் அந்தக் கதையை உடம்பால் செய்து பார்க்கிற விதம். தூங்கி எழுந்து கதவைத் திறந்த வீட்டுக்காரர் சுக்குக் காப்பி கொடுக்கிறார், ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அடுத்த வீடு.

ஆகவே என் கணக்கில் வருடம் முழுக்கக் கிறிஸ்துமஸ் என்பது ரெண்டே காரியம்: போக வேண்டிய வீட்டுக்குப் போவது, நம் வீட்டில் வருகிறவருக்கு இடம் விட்டு வைப்பது. கீழே சொல்வதெல்லாம் இந்த ரெண்டுக்குள் அடங்கும்.

காலண்டரை எடுத்து நாலு தேதியை வட்டம் போடுங்கள்

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, கிறிஸ்துமஸ் கதையைத் திருச்சபை ஏற்கெனவே வருடம் முழுக்கப் பிரித்து வைத்திருக்கிறது. நாம்தான் டிசம்பரை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டோம்.

பிப்ரவரி 2. பிறந்து நாற்பதாம் நாள் குழந்தையை எருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டுபோன நாள். அங்கே காத்திருந்தவர்கள் ரெண்டு முதியவர்கள், ஒருவர் சிமியோன், இன்னொருவர் அன்னாள் என்ற கைம்பெண், எண்பத்து நாலு வயது என்று லூக்கா எழுதுகிறார். பெற்றோர் கொண்டுபோன காணிக்கை ஒரு ஜோடிப் புறா, ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கென்று லேவியராகமம் அனுமதித்த காணிக்கை அது. இந்த நாளை முதியவர்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சபையில் கோயிலுக்கு வர முடியாமல் வீட்டோடு கிடக்கிறவர்கள் பட்டியல் ஐயரிடம் (சபைப் போதகரிடம்) இருக்கும், வீட்டில் போய்த் திருவிருந்து கொடுப்பதற்காக வைத்திருப்பார்கள். அதிலிருந்து உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒருவர் போதும். குழந்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள், கதையில் சிமியோன் கையில் ஏந்தினது ஒரு குழந்தையைத்தான். போய் உட்கார்ந்ததும் வேதபாடம் நடத்த வேண்டாம், அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். முன்பு இந்த ஊரில் கிறிஸ்துமஸ் எப்படி இருந்தது என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், ஒரு மணி நேரம் ஓடிவிடும். அப்புறம் கிளம்பும்போது மாத்திரைச் சீட்டைப் பாருங்கள், எது தீரப்போகிறது என்று. பிள்ளைகள் எல்லாம் சென்னையிலும் துபாயிலும் இருக்கிற வீடுகளில் பணம் இருக்கும், பக்கத்து மருந்துக் கடைக்குப் போய்வர ஆள்தான் இருக்காது.

மார்ச் 25. டிசம்பர் 25-க்குச் சரியாக ஒன்பது மாதம் முன்னால், தூதன் மரியாளிடம் வந்த நாள், கத்தோலிக்கர் மங்கள வார்த்தைத் திருநாள் என்பார்கள். கல்யாணத்துக்கு முன் கருவுற்ற ஒரு சின்னப் பெண், அவளை அவமானப்படுத்தாமல் ரகசியமாக விலகலாம் என்று நினைத்த யோசேப்பு, அப்புறம் கனவில் கேட்டதை நம்பி அவளைச் சேர்த்துக்கொண்ட யோசேப்பு. நாலு சுவிசேஷத்திலும் அவர் பேசினதாக ஒரு வார்த்தைகூட இல்லை, கவனித்திருக்கிறீர்களா? நம் சபைகளில் கோயில் முடிந்து வேப்பமரத்தடியில் நின்று பேசுகிற பேச்சில் எத்தனை பெண்களின் பெயர் அடிபடுகிறது என்று நமக்கே தெரியும். யார் மகள் யாரோடு போனாள், யாருக்கு ஏன் இன்னும் வரன் அமையவில்லை, யார் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். மார்ச் 25-க்கு வேறு எந்த நிகழ்ச்சியும் வேண்டாம். அந்தப் பேச்சு வரும்போது "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கப் பழகுங்கள். இன்னும் கொஞ்சம் துணிச்சல் இருந்தால், ஊர் பேசிக்கொண்டிருக்கிற அந்த வீட்டுக்கு ஒருநாள் சும்மா போய் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வாருங்கள், வெளியே நாலு பேர் பார்க்கிற மாதிரி. கேக் கொடுத்தனுப்புவதைவிட இது கடினம், ஆனால் அந்த வீட்டுக்கு அன்றைக்குத்தான் கிறிஸ்துமஸ்.

மே 31. மரியாள் கர்ப்பமாயிருந்த தன் உறவுக்காரி எலிசபெத்தைப் பார்க்கப் போன நாள், 1969 வரை கத்தோலிக்கரும் ஜூலை 2-ல்தான் கொண்டாடினார்கள், இன்றும் பழைய ஜெபபுத்தகங்களில் அந்தத் தேதிதான் இருக்கும். எந்தத் தேதி என்பது முக்கியமில்லை. மரியாள் ஏறக்குறைய மூன்று மாதம் அங்கே தங்கினாள் என்பதுதான் நமக்குப் பாடம். பிரசவமான வீட்டுக்கு நாம் போகிறது எப்படி? ஜான்சன் பேபி சோப்புப் பெட்டி ஒன்று, கையில் ஐநூறு ரூபாய், குழந்தை அப்பா ஜாடையா அம்மா ஜாடையா என்று ஒரு விவாதம், அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறோம். தாய்வீட்டில் அம்மா இல்லாத பெண்கள், ஊரை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டதால் ரெண்டு பக்கமும் ஆள் இல்லாத பெண்கள், இவர்களில் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் ஒரு வாரத்துக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்துவிடுவதாக ஏற்றுக்கொள்ளுங்கள். பத்தியச் சமையல் தெரியாவிட்டால் துணி துவைத்துக் கொடுங்கள். ராத்திரி ரெண்டு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொண்டு தாயைத் தூங்கவிட்டால் அதைவிடப் பெரிய பரிசு கிடையாது, பிரசவித்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள். ஆண்களும் இதைச் செய்யலாம், கடைக்குப் போவது, ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டுவது, அரசு உதவித்தொகைக்கான தாள்களோடு சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்பது.

ஜூன் 24. அந்த எலிசபெத்தின் மகன் யோவான் ஸ்நானன் பிறந்த நாள், கிறிஸ்துமஸுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் முன். ரெண்டு அங்கி வைத்திருக்கிறவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்று யோவான் நேராகச் சொன்னார், அதில் விளக்கம் கேட்க ஒன்றுமில்லை. அன்றைக்கு அலமாரியைத் திறங்கள். ஒரு எச்சரிக்கை: சாயம் போனது, பட்டன் போனது, அக்குள் கிழிந்தது இதையெல்லாம் கழித்துக் கட்டுகிற நாள் இது இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு எடுத்து ஒரே தடவை உடுத்தினதில் ஒன்றைக் கொடுங்கள், கொடுக்கும்போது நமக்குக் கொஞ்சம் வலிக்க வேண்டும். துவைத்து, தேய்த்து, மடித்து, அளவு எழுதிக் கொடுங்கள். ஜூன் மாதத்தில் இன்னொரு வசதி, பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இந்த நாலு தேதியோடு டிசம்பர் 28-ஐயும் சொல்ல வேண்டும், ஏரோது கொன்ற குழந்தைகளின் நாள். ஆனால் அது பண்டிகை வாரத்துக்குள்ளேயே வருவதால் யாரும் கவனிப்பதில்லை, மூன்றாம் நாள் கேக் தின்றுகொண்டிருப்போம். அன்று ராத்திரிக் குடும்ப ஜெபத்தில் மத்தேயு ரெண்டாம் அதிகாரத்தை முழுசாக வாசியுங்கள், எகிப்துக்கு ஓடினது உட்பட. இயேசுவின் குடும்பம் அகதிக் குடும்பமாக இருந்தது என்பது பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

மாதா மாதம் 25

வருடத்துக்கு நாலு தேதி போதாது, மறந்துபோகும் என்கிறவர்களுக்கு இது. 17-ம் நூற்றாண்டில் பிரான்சில் கார்மேல் சபைக் கன்னியாஸ்திரி ஒருவர், மார்கரெட் என்று பெயர், இருபத்தொன்பது வயதில் இறந்துபோனார், ஒவ்வொரு மாதமும் 25-ம் தேதியைக் குழந்தை இயேசுவுக்கென்று வைத்துக்கொள்கிற வழக்கத்தைப் பரப்பினார். இன்றும் அதைக் கடைப்பிடிக்கிற கத்தோலிக்கர்கள் உண்டு. நம் சபைக்காரர்கள் இதற்கு முகம் சுளிக்க வேண்டியதில்லை, தேதி ஞாபகம் வைக்க எளிது என்பதற்காகவே எடுத்துக்கொள்ளலாம்.

அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் ஒரு பிறப்புக் கீர்த்தனை பாடுங்கள். ஆகஸ்டு மாதம் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது பெத்லகேம் பாட்டுப் பாடினால் முதலில் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ரெண்டு மூன்று மாதத்தில் அவர்களே எந்தப் பாட்டு என்று கேட்பார்கள். பாட்டு முடிந்ததும் ஒரு கேள்வி மட்டும்: இந்த மாதம் நாம் யார் வீட்டுக்குப் போனோம், நம் வீட்டுக்கு யார் வந்தார்கள்? பதில் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த மாதத்துக்கு ஒரு பெயரைச் சொல்லி முடித்துக்கொள்ளுங்கள். இதைப் பத்து நிமிஷத்துக்கு மேல் இழுக்காதீர்கள், நீளமான குடும்ப ஜெபம்தான் பிள்ளைகளைக் கிறிஸ்தவத்தை விட்டு ஓட வைக்கிறது என்பது என் தாழ்மையான கருத்து.

இதோடு பிடி அரிசியையும் சேர்த்துக்கொள்ளலாம். உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடி தனியே எடுத்து வேறு டப்பாவில் போட்டு வைப்பது, நம் பாட்டிமார் செய்தது. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 வாக்கில் ஆரம்பித்து இன்றுவரை விடாமல் செய்கிறார்கள், சபையின் ஊழியத்துக்குப் பெரிய ஆதாரமே அந்தக் கைப்பிடிதான். 25-ம் தேதி அந்த டப்பாவை எடுத்துப் பாருங்கள், ஒரு வேளைக்கு ஒரு பிடி என்றாலே சில கிலோ சேர்ந்திருக்கும். அதை யாருக்குக் கொடுக்கிறது என்று பிள்ளைகள் முடிவு செய்யட்டும்.

டிசம்பரில் கொடுப்பதைக் குறையுங்கள்

இது கேட்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். ஏதாவது ஒரு குழந்தைகள் இல்லத்திலோ முதியோர் இல்லத்திலோ டிசம்பர் மூன்றாம் வாரம் போய்ப் பாருங்கள். காலையில் ஒரு வாலிபர் சங்கம் கேக் கொண்டுவரும், மத்தியானம் ஒரு கம்பெனி பிரியாணி போடும், சாயங்காலம் ஒரு கல்லூரி மறுபடியும் கேக். பிள்ளைகள் ஒவ்வொரு குழுவுக்கும் வரிசையில் நின்று பாட்டுப் பாடி, கைதட்டி, நன்றி சொல்லிச் சோர்ந்துபோயிருப்பார்கள். பிப்ரவரியிலிருந்து நவம்பர் வரை அந்தக் கேட்டைத் திறக்க ஆள் வருவது அரிது.

எனவே உங்கள் பண்டிகைப் பட்ஜெட்டில் தானத்துக்கென்று வைத்திருப்பதை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு மட்டும் டிசம்பருக்கு. ஒரு பங்கு ஜூனுக்கு, நோட்டு, பை, செருப்பு, பஸ் பாஸ் வரும்வரை பஸ் காசு, கல்லூரியில் சேருகிறவர்களுக்கு முதல் தவணைக் கட்டணம். ப்ளஸ் டூ முடித்த பெண்ணுக்கு அந்த நேரத்தில் கிடைக்கிற ஐயாயிரம் ரூபாய், டிசம்பரில் ஐம்பது பேருக்குக் கொடுக்கிற கேக்கைவிட அதிக தூரம் போகும். மூன்றாவது பங்கு மழைக்கு, அக்டோபர் நவம்பரில் போர்வை, தார்ப்பாய், காய்ச்சல் மருந்து. மொத்தமாக எடுத்து வைக்க முடியாதவர்கள் மாதச் சீட்டு மாதிரி கட்டி வாருங்கள். பண்டிகைத் துணிக்கும் பட்டாசுக்கும் சீட்டுக் கட்டத் தெரிந்த நமக்கு இது பெரிய வித்தையில்லை.

போகும் முன் இல்லத்துக்குப் போன் செய்து என்ன தேவை என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் சப்பென்று இருக்கும்: நாப்கின், சோப்பு, கேஸ் சிலிண்டர், தண்ணீர் மோட்டார் ரிப்பேர். அதைக் கொடுங்கள், நமக்குப் பிடித்ததை அல்ல. பிள்ளைகளோடு நின்று படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். மரியாதைக்குச் சொல்வது ஒரு பக்கம் இருக்கட்டும், பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளின் அடையாளம் தெரியும்படி வெளியிடுவதை 2015-ம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடை செய்கிறது, ஆறு மாதம் வரை சிறை அல்லது ரெண்டு லட்சம் வரை அபராதம் அல்லது ரெண்டும் என்று அதில் இருக்கிறது.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் ஏற்கெனவே செய்கிறவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பால் சபை இருக்கிறது. 1833-ல் பாரிஸில் பிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் ஆரம்பித்தது. அவர்களுடைய முக்கியமான வேலையே வறியவர்களை அவரவர் வீட்டுக்குத் தேடிப் போய்ப் பார்ப்பதுதான், பொருளைக் கொடுப்பது அப்புறம்தான். ஆபீஸுக்கு வரச்சொல்லி வரிசையில் நிற்க வைத்துக் கொடுப்பதற்கும், அவர் வீட்டுப் பாயில் உட்கார்ந்து பேசிவிட்டுக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் வாங்குகிறவருக்குத்தான் தெரியும். நம் சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கம் இதே மாதிரி வீடு சந்திப்பு செய்கிறது, ஆண்கள் ஏன் அதைப் பெண்கள் வேலை என்று விட்டுவிட்டார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

வீட்டில் இடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது, நூற்றுக்கணக்கான பயணிகள், தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே அரித்துப் போய்விட்டது, சுற்றிலும் வெள்ளம். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் பயணிகளைக் கோயிலில் தங்கவைத்து, தங்களிடம் இருந்த அரிசியைப் போட்டுச் சோறு பொங்கிக் கொடுத்தார்கள். அம்மன் கோயில் அது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. சத்திரத்தில் இடமில்லை என்று வருடா வருடம் நாடகம் போடுகிற நாம், இடம் கொடுப்பது எப்படி என்று அந்த ஊரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

வெள்ளம் வந்தால்தான் என்றில்லை. சாதாரண நாளில் இடம் கொடுக்க, ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, உறவுக்காரர் இல்லாத ஒருவரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். யாரை என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை: நம் ஊர் ஹோட்டல்களிலும் கட்டட வேலையிலும் இருக்கிற ஜார்க்கண்ட், ஒடிசாப் பையன்களில் கிறிஸ்தவர்கள் கணிசமாக இருக்கிறார்கள், முண்டா, ஒராவோன் பழங்குடியினர். "வடக்கன்" என்று சொல்லித் தாண்டிப் போகிற அந்தப் பையன் அவன் ஊரில் தவறாமல் பூசைக்குப் போகிறவனாக இருக்கலாம். இங்கே ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலுக்குப் போவது, பாஷை புரியாமல் எங்கே உட்காருவது என்று தெரியாமல் அறையிலேயே படுத்துக் கிடக்கிறான். ஒரு ஞாயிறு கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார வைத்து, அப்புறம் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் போடுங்கள். மீதியைக் கூகுள் மொழிபெயர்ப்பு பார்த்துக்கொள்ளும். மறுவாழ்வு முகாம்களில் இருக்கிற இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழிப் பிரச்சினைகூடக் கிடையாது, முப்பது நாற்பது வருடமாக இங்கேயே இருக்கிறார்கள், எத்தனை பேர் நம் வீட்டுக்குள் வந்திருக்கிறார்கள்?

இடம் கொடுப்பதில் இன்னொரு அழகான வழக்கம் திருநெல்வேலி மாவட்டத்து டோனாவூரில் இருந்தது. 1901-லிருந்து ஏமி கார்மைக்கேல் என்ற அயர்லாந்து மிஷனரி அங்கே அடைக்கலம் கொடுத்த குழந்தைகளில் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது, அதனால் அவர்கள் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளைக் கொண்டாடினார்கள். இதை நம் வீட்டில் செய்யலாம். மருமகள் வந்த நாள், வேலைக்கு உதவியாக அக்கா வந்து சேர்ந்த நாள், எதிர்வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வந்த நாள். டைரியில் எழுதி வைத்து, அடுத்த வருடம் அந்த நாளில் ஒரு கேசரி கிண்டினால் போதும்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் இந்துக்களாகவோ முஸ்லிம்களாகவோ இருந்தால் டிசம்பரில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் கொடுத்தனுப்புகிறோம், சரி. அவர்கள் தீபாவளிக்கு அதிரசம் கொண்டுவந்தால் வாங்கலாமா என்று நம்மில் ஒரு கூட்டம் வருடா வருடம் சண்டை போடும். முன்னால் வைக்கிறதை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடுங்கள் என்றுதான் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். "இது படைத்ததா" என்று கேட்டு முகம் வாட வைக்காதீர்கள். மனச்சாட்சி உறுத்துகிறவர்கள் அமைதியாக வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் வீட்டுக்குத் திரும்பப் போகும்போது பாத்திரத்தை வெறுமையாக அனுப்பாமல் ஏதாவது போட்டு அனுப்புங்கள், நம் ஊர் வழக்கம் அதுதானே.

நவம்பரில் ஒரு கூட்டம் போடுங்கள்

கேரல் குழு எந்தெந்தத் தெருவுக்குப் போவது என்று ஆட்வெந்துக்கு (கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம்) முன்னாலேயே பட்டியல் போடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள், ஏனென்றால் வருடம் முழுக்க நாம் போகாத தெரு எது என்பது அந்தப் பட்டியலில் தெரிந்துவிடும். காணிக்கை நன்றாக விழுகிற தெருக்கள் முதலில் வரும், நம் ஆட்கள் இருக்கிற தெரு அடுத்து. சில ஊர்களில், வாய்விட்டு யாரும் சொல்லாமலே, ஒரு சாதிக்காரர் தெரு மட்டும் விட்டுப்போயிருக்கும், கேட்டால் "நேரம் பத்தாது" என்பார்கள். வடக்கன்குளத்தில் ஒரு கோயில் உண்டு, திருக்குடும்ப ஆலயம். இயேசு மரி சூசை பெயரால் கட்டின அந்தக் கோயிலுக்குள்ளேயே 19-ம் நூற்றாண்டில் ரெண்டு சாதியார் தனித்தனியாக உட்காரத் தடுப்பு இருந்தது, 1910-ல்தான் இடித்தார்கள். சுவரை இடித்து நூறு வருடத்துக்கு மேலாகியும் பல ஊர்களில் கல்லறைத் தோட்டம் இன்னும் பிரிந்துதான் கிடக்கிறது. மேய்ப்பர்களுக்குத்தான் முதலில் செய்தி போனது, ராத்திரி ஊருக்கு வெளியே வயலில் தங்கியிருந்த கூலிகளுக்கு, என்பதை அந்தக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து நிதானமாகச் சொல்லலாம். கத்த வேண்டாம். கத்தினால் அதைச் சாக்காக வைத்துக் கூட்டத்தையே கலைத்துவிடுவார்கள்.

சொல்லிவிட்டு, விட்டுப்போன தெருவை முதல் நாள் பட்டியலில் முதலாவதாகச் சேர்க்கச் சொல்லுங்கள். குழுவே போக மறுத்தால் உங்கள் குடும்பமும் இன்னும் ரெண்டு குடும்பமும் ஒரு கஞ்சிராவோடு போங்கள், மைக் தேவையில்லை. ஆனால் டிசம்பரில் முதல் தடவையாகப் போய் நின்றால் "ஓட்டுக் கேட்க வந்தீங்களா" என்றுதான் கேட்பார்கள், நியாயமும் அதுதான். பிப்ரவரியிலும் மேயிலும் ஜூனிலும் அந்தத் தெருவுக்குப் போயிருந்தால் எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எந்த வீட்டுத் தாத்தாவுக்குத் தூக்கம் வராது, எந்த வீட்டில் இந்த வருடம் துக்கம் நடந்தது என்று தெரிந்திருக்கும், எங்கே டிரம் அடிக்கலாம் எங்கே மெதுவாக ஒரு பாட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும் தெரியும். காணிக்கைப் பெட்டியை அந்தத் தெருவுக்குக் கொண்டுபோகாதீர்கள். கையில் அச்சுமுறுக்குப் பொட்டலம் இருந்தால் போதும், சுக்குக் காப்பி அவர்களே போடுவார்கள், கொடுத்தால் மறுக்காமல் குடித்துவிட்டு வாருங்கள்.